ரிப்பேர் மேஜை நாற்காலி

பழைய எல்இடி விளக்குகளைப் பிரிக்கும் கொட்டகையில் மூத்தவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பல்பின் மண்டையைத் தட்டிக் கழற்றி, பிளாஸ்டிக்கை ஒரு சாக்கிலும் அலுமினியத்தை இன்னொன்றிலும் போட்டுப் போட்டு முழங்கால் இரண்டும் ஓய்ந்துவிட்டன. அவளுடைய ஓரகத்தி இளையவள் வந்து முழுசாக எட்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் மாமியார், "சின்னவ கைபட்டா செத்த பல்புகூட எரியுது" என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று. மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. கருகிய விளக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவள்தானே!

அது ஒன்றும் மந்திரமில்லை. தகட்டில் பதித்த பொட்டு விளக்குகளில் ஒன்று கருகினால் மொத்தமும் அணைந்துவிடும். கருகியதன் நடுவே கடுகைவிடச் சின்னதாய்க் கரும்புள்ளி தெரியும். அதைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தை ஈயத்தால் இணைத்தால் போதும்.

ரிப்பேர் மேஜையில் ஒரு நாற்காலி காலியானது. மின்விசிறிக்கு நேர் கீழே. இருவருமே கேட்டார்கள்.

"ஆளுக்குப் பத்து தகடு. நாளைக்குக் காலையில யாரு அதிகமா எரிய வைக்கிறீங்களோ அவங்களுக்கு. ஒரு தகட்டுல ஒண்ணுக்கு மேல பேத்தா செல்லாது" என்றார் சூப்பர்வைசர்.

சாயங்காலம் எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில், மூத்தவள் கறுப்புப் பேனாவை எடுத்து இளையவளின் பத்து தகடுகளும் இருந்த தட்டில், தகட்டுக்கு மூன்று நல்ல பொட்டுகளில் புள்ளி வைத்தாள். மனசு குளிர்ந்தது.

காலையில் சூப்பர்வைசர் வந்தார். "சுலபமான தட்டு கிடைச்சுதுன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. ரெண்டு பேரும் தட்டை மாத்திக்கங்க."

தான் புள்ளி வைத்த தட்டே மூத்தவளிடம் வந்து சேர்ந்தது. தகட்டுக்கு நாலு புள்ளி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் கருகியது எது, தான் வைத்தது எது என்று தெரியவில்லை. துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லார் முன்னாலும் எப்படித் துடைப்பது? பொட்டு நல்லதா கெட்டதா என்று தொட்டுப் பார்க்கும் மீட்டர் மேஜையில் கிடந்தது. "அதெல்லாம் கண்ணு தெரியாதவங்களுக்கு" என்று இத்தனை வருஷம் இளக்காரம் பேசிய வாய். இப்போது அதைத் தொடக் கூசியது. குத்துமதிப்பாக ஏழு தகட்டில் பெயர்த்தாள். இரண்டு எரிந்தன.

இளையவள் பத்தையும் எரிய வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். புள்ளிகளைப் பார்த்தாள். மூத்தவளின் கட்டைவிரலில் இருந்த மையையும் பார்த்தாள். மீட்டரை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா, இத வெச்சுத் தொட்டுப் பாருங்க. இன்னும் நேரமிருக்கு."

யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னாள். நாற்காலி போனதுகூட மூத்தவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காட்டிக்கொடுக்காத அந்த மனசும் சின்னவளுக்கேதான் வாய்க்க வேண்டுமா என்று வயிறு மறுபடி எரிந்தது.