ஆமை மாமா ஓட்டிய கடைசிச் சுற்றுலா

பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் வழியில் ஒரு சின்னப் பெண் உடுப்பெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, பையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்த டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு. எல்லாரும் இறங்கி அந்த மரத்தடிக்குப் போங்க."

காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் இறங்கியதும் தண்ணீர்க் கேனை ஆயாவிடம் நீட்டிவிட்டு, டயரை உதைத்துப் பார்ப்பதுபோல் அவரும் கீழே போய்விட்டார். ஆயா அந்தக் குழந்தையைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றினாள். கடைசிவரை மற்ற பிள்ளைகளுக்கு விஷயமே தெரியாது.

கணவன் இறந்தபின் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவள் ஆயா. பதினான்கு வருஷம் அதே பள்ளிக்கூட பஸ்ஸில் அவரோடு போனாள். அவளுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். பிள்ளைகளுக்கோ அவர் ஆமை மாமா. அவ்வளவு மெதுவாக ஓட்டுவார்.

"மாமா, சைக்கிள்காரர் நம்மள முந்திட்டாரு!"

"போகட்டும்டா, அவருக்கு என்ன வயித்துவலியோ!"

வருஷத்துக்கு ஒருமுறை நாலாம் வகுப்பைக் கடலுக்குக் கூட்டிப்போவார்கள். அதற்கு முந்தின வாரமே மனிதர் பஸ்ஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அவர் படித்த காலத்தில் வீட்டில் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று மற்றவர்களுக்குக் கைகாட்டியவர். "வகுப்புல வாயே திறக்காதது, தண்ணியில கால் வச்சதும் என்னா பேச்சுப் பேசுது பாத்தியா?" என்று ஆயாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிப் பேச ஆரம்பித்த பிள்ளைகள் திரும்பி வந்து மேடையேறிப் பாடியதையும் இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

திரும்பும்போது பெயர் வாசித்துத்தான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். அது ஆயாவின் வேலை. பதினான்காம் வருஷம் வெயிலில் அவளுக்குத் தலை சுற்றியது. பட்டியலை எடுக்காமல் தலைகளை மட்டும் தொட்டு எண்ணினாள். நாற்பத்திரண்டு. டிரைவரும் கண்ணாடியில் எண்ணினார். நாற்பத்திரண்டு. பஸ் கிளம்பியது.

பாதி வழியில் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை விழித்து, "இது எங்க பஸ் இல்ல!" என்று அழுதது. வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதே நீலச் சட்டை. அப்படியானால் நம் பிள்ளை ஒன்று கரையிலேயே நிற்கிறது!

ஆமை மாமா அன்றைக்குத்தான் வேகமாக ஓட்டினார். ஆயா வழியெல்லாம் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவன் கைவிடவில்லை. சுண்டல் விற்கிற அம்மாவின் பக்கத்தில் குழந்தை பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மாறி ஏறிய பிள்ளையின் டீச்சரும் அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் பெரிய டீச்சர் இருவரையும் கூப்பிட்டார். "பேர் ஏன் வாசிக்கல?"

ஆயா வாயைத் திறக்குமுன் டிரைவர் முந்திக்கொண்டார். "நேரமாச்சு, வேண்டாம்னு நான்தான் சொன்னேன் டீச்சர்."

பொய். ஆயாவுக்கு வீட்டிலிருக்கும் இரண்டு முகங்கள் கண்முன் வந்தன. தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பஸ் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

அதோடு சுற்றுலா நின்றது. அடுத்த வருஷம் பாட்டு வகுப்பும் நின்றது. விளையாட்டு மணியில் கணக்கு நடத்தினார்கள். கட்டிப்போட்ட கன்றுகள் மாதிரி பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஆயா தினமும் பார்த்தாள். செபத்தில் உட்கார்ந்தாலும் அந்தப் பொய்தான் முன்னே வந்து நின்றது.

மூன்றாம் வருஷம் டிரைவர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆயா கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள்.

"நாளைக்கே பெரிய டீச்சர்கிட்ட உண்மையச் சொல்லிடறேன் அண்ணே. என் பிள்ளைங்க இப்ப வளந்துட்டாங்க."

"சொன்னா எனக்குச் சாவியத் திருப்பிக் குடுப்பாங்களா? பஸ்ஸ எமன்கிட்ட ஓட்டிக் காட்டவா?"

சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்தது. அடங்க வெகுநேரமாயிற்று. பார்க்க வந்தவர்கள் வெளியே போகவேண்டும் என்று நர்ஸ் வந்து நின்றாள். எழுந்த ஆயாவின் கையை அவர் விடவில்லை.

"எனக்காகச் சொல்லாத. தப்பு பெரியவங்களோடது, பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும் கேளு. இந்த மூணு வருசத்துல ஒரு பிள்ளைகூடக் கடலப் பாக்கல, தங்கச்சி."