தார் போட்ட மூன்று மா

நாலுவழிச் சாலை முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் இராஜாங்கம் ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல்தான் ஓடுகிறார். ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகால். கைகள் பக்கவாட்டில் சற்றே விரிந்திருக்கும். தலையில் நாற்றுக்கட்டு இருப்பதுபோல் கழுத்து ஆடாது. ஐம்பது வருஷம் வரப்பில் நடந்த காலுக்குத் திடீரென்று நாலு வழி கிடைத்தால் அது என்னதான் செய்யும்?

"ரோடு பூரா ஒங்களுக்குத்தான் ஐயா, தாராளமா ஓடுங்க!" என்று மஞ்சள் பனியன்காரர் ஒருவர் மைக்கில் சொன்னார். இராஜாங்கம் தலையாட்டிவிட்டுக் கோட்டிலேயே போனார். ரோடு பூரா உனக்குத்தான் என்று இதற்குமுன் யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்ன ஆளை நம்பலாமா என்பதும் தெரியவில்லை.

ஒரு மாதமாகக் குடமுருட்டி ஆற்றங்கரையில் ஓடிப் பழகினார். பழகினேன் என்பது அவருடைய கூற்று. வழியில் எந்த மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நின்றாலும் இறங்கி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. "ஓடப்போறேன்னு கெளம்பின மனுசன் ஆத்தத் தூர்வாரிட்டு வர்றாரு. நல்ல ஓட்டம்!" என்று அவர் மனைவி அம்சம் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்குள் சிரிக்கவில்லை.

"முட்டி தேஞ்சு கெடக்கு. இந்த வயசுல இருபத்தொரு கிலோமீட்டரா?"

"ரோட்டுக்குள்ள விடமாட்டேங்கறான் அம்சம். நெஞ்சுல நம்பர் குத்தியிருந்தா விடுவானாம்."

"உள்ள போயி என்ன பண்ணுவீங்க?"

"எது நம்ம எடம்னு பாத்துட்டு வந்துடறேன்."

"பாத்து?"

இராஜாங்கம் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினார்.

விஷயம் இதுதான். குடவாசல் பக்கம் நெடுங்குழியில் இராஜாங்கத்துக்கு மூன்று மா நிலம் இருந்தது. ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அவருடைய அப்பா காத்தான் பண்ணையாள்; கொடி பிடித்து, தடியடி வாங்கி, சிறைக்கும் போய்வந்த பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த துண்டு அது. புறவழிச் சாலை வந்தபோது அதையும் எடுத்துக்கொண்டார்கள். அளந்தது ஓர் ஆட்சி. அதை எதிர்த்துப் பந்தல் போட்டது மறு கட்சி. பந்தல் போட்ட கட்சி பதவிக்கு வந்து தார் போட்டது. அளந்த கட்சி இப்போது பந்தல் போடுகிறது. இரண்டு பந்தலிலும் இராஜாங்கம் உட்கார்ந்திருக்கிறார். இரண்டிலும் தயிர்சாதம் நன்றாக இருந்ததாகச் சொல்கிறார்.

நஷ்டஈடு ஒழுங்காக வந்துவிட்டது. அதில் அவருக்கு வழக்கில்லை. நிலம் எங்கே இருக்கிறது என்பதுதான் புரியவில்லை. மண்ணடித்துப் பனை உயரம் மேடாக்கினார்கள். வாய்க்காலைத் திருப்பினார்கள். அடையாளத்துக்கு நின்ற ஒற்றைப் பனையையும் வெட்டினார்கள். இருபக்கமும் கம்பிவேலி வேறு. வரைபடம் பார்த்தவர், இடதுபக்கச் சாலைக்கு அடியில் என்றார். சாலை போட்ட மேஸ்திரி, சுங்கச்சாவடிக்குக் கீழே என்றார். டீக்கடைப் பஞ்சநதம் தீர்க்கமாகச் சொன்னார்: "நடுவுல அரளி வெச்சிருக்கான் பாரு, அதான் ஒன் வயலு. மண்ணு வாகு அப்பிடி, அரளி எப்பிடித் தழைக்குது!" மூவரையும் இராஜாங்கம் நம்பினார். அதுதான் சிக்கல்.

திங்கட்கிழமையிலிருந்து லாரி ஓடும். மனிதன் கால்வைக்க முடியாது. ஞாயிறன்று திறப்புவிழாக் கொண்டாட்டமாக அரை மராத்தான். பனியனில் அச்சடித்திருந்தார்கள்: 'வயல் காப்போம், உடல் காப்போம்.' வயல்மேல் போட்ட சாலையில் ஓடி வயலைக் காப்பது எப்படி என்று அவர் ஒருவரைக் கேட்டார். "அது விழிப்புணர்வுங்க" என்றார் அவர். இராஜாங்கம் விழித்தார்.

விடிந்ததும் பெரிய பெட்டிகளில் பாட்டுப் போட்டு, எல்லோரையும் ஆடச் சொன்னார்கள். உடம்பு சூடாக வேண்டுமாம். பக்கத்தில் நின்ற கும்பகோணத்து வங்கி அம்மாளிடம் இராஜாங்கம் மெதுவாக விசாரித்தார்: "கொட்டும் இருக்கு, ஆட்டமும் இருக்கு. கல்யாணமா, சாவாங்க?" அந்த அம்மாள் ஆடிக்கொண்டே, "ரெண்டும் இல்லீங்க, ஃபிட்னஸ்!" என்றார். அமைச்சர் கொடியசைத்துவிட்டுக் காரில் ஏறினார். மற்ற எல்லோரும் ஓடினார்கள்.

நெடுங்குழிப் பெயர்ப்பலகை வந்தபோது இராஜாங்கம்தான் கடைசி ஆள். முட்டி வலியில் முகம் கோணியிருந்தது. பின்னாலேயே, தளர்ந்தவர்களை ஏற்றிப்போகும் வேன் உறுமிக்கொண்டு வந்தது. அவர் நின்று பார்த்தார். இந்த உயரத்திலிருந்து சொந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. இருபக்கமும் பள்ளத்தில் வயல். எல்லாம் ஒரே பச்சை. கொஞ்சம் முன்னால் போனார். திரும்பி வந்தார். அரளிச்செடியை முறைத்தார். சுங்கச்சாவடியைச் சுற்றினார்.

வேன்காரர் தலையை நீட்டினார். "பெரியவரே, எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

"ஆமா தம்பி."

"என்னது?"

"மூணு மா."

"வண்டியில ஏறிக்கிட்டுத் தேடுங்களேன்."

இராஜாங்கம் ஏறவில்லை. பலகை நின்ற இடத்துக்கே திரும்பிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலேறத் தொடங்கிய தாரில் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார்.

தண்ணீர்ப் பந்தலில் நின்ற சிங்காரவேலுவுக்கு இதைப் பார்த்து உயிரே போய்விட்டது. அதே ஊர்க்காரர், ஆளுங்கட்சியின் ஒன்றிய இளைஞரணி. கரைவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, அண்ணே! ஷூவை மாட்டுங்கண்ணே!"

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு காலத்தில் மிராசுதார் தெருவில் சேரிக்காரர்கள் செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். அதை ஒழிக்க அடிபட்டவர்களில் காத்தானும் உண்டு, சிங்காரவேலுவின் தாத்தாவும் உண்டு.

"எவனாவது போட்டோ எடுத்தான்னா, நம்ம ஆட்சியில இன்னும் செருப்பக் கையில தூக்கிட்டுப் போறாங்கன்னு போட்ருவான்ணே. யாருக்குப் பயந்துண்ணே கழட்டுனீங்க?"

"பயமா? எங்கப்பன் தெருவுல கழட்டாதேன்னு அடிபட்டான். வயல்ல கழட்டாம எறங்குனா அவனே என்னைய அடிப்பான். நெல்லு வெளையற எடத்துல செருப்புக் காலோட எவன்டா எறங்குவான்?"

சிங்காரவேலு குனிந்து தாரைப் பார்த்தார். "எதுண்ணே வயலு?"

"அதான் தெரியலடா. தெரிஞ்சா அந்த மூணு மாவுக்கு மட்டும் கழட்டியிருப்பேன். இப்ப ஊர் எல்லை வரைக்கும் இப்பிடித்தான்."

சிங்காரவேலு, கேமராக்காரர் யாராவது இருக்கிறாரா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு எதற்கு என்று அவருக்கே தெரியாமல் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார். வேன் அவர்கள் பின்னால் ஊர்ந்தது. இராஜாங்கம் சூடு பொறுக்காமல் கால்விரலைச் சுருட்டிச் சுருட்டி வைத்து, ஊர் எல்லைப் பாலத்துக்கு வந்து நின்றார். கையை நீட்டினார். சிங்காரவேலு பாட்டிலைக் கொடுத்தார்.

"குடிங்கண்ணே."

இராஜாங்கம் குடிக்கவில்லை. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் காலில் ஊற்றினார். ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தார். குதிகால், விரலிடுக்கு என்று ஒன்றுவிடாமல், நடவு முடிந்து கரையேறிய ஆள் சேற்றைக் கழுவுவதுபோல. துளி சேறில்லாத காலை, பாட்டில் காலியாகும்வரை கழுவிக்கொண்டே இருந்தார்.