பெரிய டூல் போஸ்ட்

திருவள்ளூர் லேத் சாமான் கடைக்காரர் போன மாதம் எனக்கு ஒரு டூல் போஸ்ட் விற்றார்; லேத்தில் இரும்பைச் சீவும் டூலை இறுக்கிப் பிடிக்கும் பாகம் அது. டூலைச் சட்டென்று மாற்றலாம், அடியில் தகடு சொருகி உயரம் பார்க்க வேண்டாம் என்றார். நம்பினேன்.

என் வீட்டுச் சிறிய லேத்துக்கு அது பெரியது. எவ்வளவு இறக்கினாலும் டூல் முனை, சுழலும் கம்பியின் மையத்துக்கு மேலேயே நின்றது. திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"பொஸ்தகம் படிக்கிற புள்ளைக்கு லேத்து இன்னாத்துக்கு?" என்றார். கடையே சிரித்தது. போஸ்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இன்று மறுபடி போனேன். கடைக்காரர் மணவாள நகர்க்காரர் ஒருவரிடம் அதே மாதிரி போஸ்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பெருசுதான் ஸ்ட்ராங்கு, நைனா."

"அண்ணே, உங்க லேத்து சின்னதா?" என்று கேட்டேன்.

"ஆமாம்பா, ஊட்லதான் வச்சிக்கினு இருக்கேன்."

"சென்டர் உயரத்த அளந்துக்கினு வாங்க. இத வாங்கி நான் ஏமாந்துட்டேன்."

அவர் போஸ்டை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார்.

"இன்னாய்யா, என் பொயப்புல மண்ணப் போடுற?" என்றார் கடைக்காரர்.

பொதுநலம் என்று சொல்லிக்கொள்ள முயன்றேன். வரவில்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

சனிக்கிழமை அங்கே கூட்டம் அதிகமாம். துணைக்கு யார் வருகிறீர்கள்?