சாலா ஆச்சியின் ஜீப்புக்குக் கதவு வந்த கதை

சாலா ஆச்சி பிள்ளையாரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வீட்டு ஜீப் ஒரே ஒரு தடவை நடுவழியில் நின்றுபோக வேண்டும்.

அந்த ஜீப்பை அவர் கணவர் ஆதப்பன், புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், திருச்சியில் பட்டாளத்தார் போட்ட ஏலத்தில் எடுத்தார். ஸ்டியரிங் இடப்பக்கம். கூரைக்கு ஒரு படுதா. கதவென்று எதுவும் கிடையாது. கண்மாய்க் கரை, ஆற்று மணல், திருமயத்துப் பாறைக்காடு எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஆச்சிக்கு மட்டும் அதைக் கண்டாலே எரிந்தது.

"ஒரு கார் வாங்குங்களேன். ராயவரத்துல எல்லாரும் கதவைத் தொறந்து மரியாதையா எறங்குறாங்க. நான் மட்டும் பட்டுச்சேலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் குதிக்கிறேன். பொறந்த வீட்டு வாசல்ல எனக்கு இது தேவையா?"

"ஓடுற வண்டி இருக்கையில இன்னொண்ணு எதுக்கு? இது ஒரு நாள் வழியில நிக்கட்டும். மறுநாளே கார் எடுக்குறேன்."

ஆதப்பன் சொன்ன சொல் தவறாதவர். அவருடைய பங்காளி நான், கஞ்சத்தனத்துக்கும் சேர்த்தே சாட்சி சொல்வேன். ஆச்சி அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜீப்பை நிறுத்த ஒரு வழியும் கண்டுபிடித்தார். கேட்டவருக்கெல்லாம் இரவல் கொடுத்தார்.

முதலில் மீமிசல் பிச்சை, மீன்கூடை ஏற்றக் கேட்டார். "தாராளமா கொண்டு போங்க" என்றார் ஆச்சி. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று கணக்கு. பிச்சை வண்டியைக் கழுவி, அடிப்பக்கம் முழுக்க மீன் எண்ணெய் பூசி, ஒரு பெட்டி கருவாடும் வைத்துத் திருப்பினார். அதன்பிறகு துரு அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்து கறம்பக்குடி தங்கமுத்து கடலை மூட்டை ஏற்றினார். பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்தது. இனி வழியில் நின்றே தீரும் என்று ஆச்சி உள்ளுக்குள் பாயசம் வைத்தார். தங்கமுத்து பட்டறையில் லாரிப் பட்டையாகப் பார்த்து மாட்டி, இரண்டு பலாப்பழத்தோடு கொண்டுவந்து விட்டார். இலுப்பூர் வீரய்யா நாலு டயரையும் புதுசாக்கிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்புவது கிடையாது. பிடி அரிசியாவது, ஒரு வெல்லக்கட்டியாவது உள்ளே இருக்கும். பக்கத்து வீட்டுச் சட்டியில் வெல்லம் போட்டு அனுப்பிய அதே ஆச்சி, ஜீப் விஷயத்தில் அதை மறந்துபோனதுதான் எனக்கு ஆச்சரியம். வண்டி வருஷத்துக்கு வருஷம் இளமையாகிக்கொண்டே போனது. ஆச்சிக்குத்தான் தலை நரைத்தது.

1963இல் அவருடைய அண்ணன் சொக்கநாதனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. "கார்ல போறதா இருந்தாத்தான் வருவேன்" என்று ஆச்சி உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆதப்பன் வழக்கம்போல ஜீப்பைக் காட்டினார்.

அந்த வருஷ மழையில் பாதையெல்லாம் சேறு. சொக்கநாதனுக்குத் தன் காரைச் சேற்றில் இறக்க மனமில்லை. சாமான் ஏற்ற ஜீப்பைக் கேட்டு அவரே வந்தார். ஆச்சிக்குக் கடைசி நம்பிக்கை பிறந்தது.

"எவ்வளவு வேணுமோ ஏத்துங்கண்ணே. பள்ளம் மேடு பாக்காதீங்க."

கல்யாணத்துக்கு முதல்நாள் ஜீப் திரும்பியது. இரண்டு பக்கமும் கதவு. பர்மாத் தேக்கு, பித்தளைக் கைப்பிடி, ஓரத்தில் கொடிவேலை. கூடவே சொக்கநாதன்.

"எந் தங்கச்சி கதவில்லாத வண்டியில குதிச்சு எறங்குறது இத்தனை வருஷமா எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு ஆத்தா. இனிமே நீ மரியாதையா எறங்கலாம்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆதப்பன் கதவைத் திறந்து பார்த்தார், சாத்திப் பார்த்தார். "இனிமே கார் எதுக்கு, சாலா?"

அண்ணனுக்கு முன்னால் என்ன சொல்ல முடியும்? "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு ஆச்சி அடுப்படிக்குப் போய் அழுதார். அன்புக்குப் பாதி, காருக்குப் பாதி.

மறுநாள் ராயவரத்தில் டிரைவர் கதவைத் திறந்தார். ஆச்சி சேலை கசங்காமல் இறங்கினார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பொன்னம்மாள் ஆச்சி, "நெல்லு ஏத்தணும், ஜீப்பை ரெண்டு நாளைக்குக் குடுக்குறீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டேன்" என்றார் சாலா ஆச்சி. "இதுக்கு மேல எதையாச்சும் நல்லாக்கிக் குடுத்துருவீங்க."