கர்னல் ரூஃபஸின் சீடர்கள்

என் தங்கை ரேனெட்டின் புருஷன் டெல்பர்ட் மெத்தை விற்றுக்கொண்டிருந்தவன். முதுகுவலியே இல்லாதவனிடமும் ஐந்து நிமிஷம் பேசி, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்து, ஒரு மெத்தையைத் தலையில் கட்டிவிடுவான். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் சோபாவில் கிடந்தான். அப்புறம் துல்சாவுக்குப் போய், ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த வாரக்கடைசித் துப்பாக்கிப் பயிற்சியில் சேர்ந்தான். போன ஆள் வேறு, வந்த ஆள் வேறு. மண் நிறத் தொப்பி, சர்ச்சுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி, பத்துப் பன்னிரண்டு பட்டை ஒட்டிய மார்க்கவசம். தாடி மட்டும் வளரக் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் நிலத்தில் 'இரும்புக் கழுகு பயிற்சிக் கழகம்' என்று பலகை நட்டான். அவன் சுட்டு விழுந்ததாகச் சொன்ன தகர டப்பாக்களில் பாதி, காற்றில் விழுந்தவை. எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் கதவைப் பார்த்தபடிதான் உட்கார வேண்டும் என்பது முதல் பாடம். இது அர்கன்சாஸ், எங்கள் ஊரில் துப்பாக்கி இல்லாத வீடும் கிடையாது, தனக்குச் சுடத் தெரியாது என்று சொல்லும் ஆம்பிளையும் கிடையாது. கூட்டம் வந்துவிட்டது.

"எங்கப்பா கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்று என் அழகு நிலையத்துக்கு வந்தவனைக் கேட்டேன்.

"அதெல்லாம் ரகசியம் அண்ணி. வெளிய சொல்ல அனுமதி இல்ல."

"துல்சா ஓட்டல்ல மத்தியானம் என்ன சாப்பாடு போட்டாங்கன்னாவது சொல்லேன்."

"வான்கோழி சாண்ட்விச்" என்றான், பாவம்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. எங்கள் பாப்டிஸ்ட் சர்ச்சில், மற்ற ஊர்ச் சர்ச்சுகளைப் போலவே, ஆராதனை நேரத்தில் வாசலைக் காக்க ஒரு குழு உண்டு. அதற்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடினார்கள். "உனக்குச் சான்றிதழ் கொடுத்தது யார்?" என்று பாஸ்டர் கேட்டார். டெல்பர்ட் அன்றைக்கே ஒரு சர்வதேசக் கவுன்சிலை உண்டாக்கினான். தலைவர் அவன், செயலாளர் ரேனெட், அவளுக்கே தெரியாமல். சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் கர்னல் ரூஃபஸ் ஹாதார்ன். ரூஃபஸ் என்பது அவர்கள் நாய்க்குக் கால்நடை டாக்டர் ஆபீசில் கொடுத்திருக்கும் பெயர். ஊரில் எல்லாரும் அதை பிஸ்கட் என்றுதான் கூப்பிடுவோம். ஹாதார்ன் தெருவில் வாங்கிய குட்டி. கையெழுத்துக்குக் கீழே முத்திரை வேண்டுமே என்று, அதன் முன்னங்காலை மையில் தொட்டு ஒரு வை வைத்திருக்கிறான். பாஸ்டர் அதைப் பார்த்து, "புலிப் படையா?" என்று பயபக்தியோடு கேட்டாராம்.

அப்பா அதை நம்பியிருக்கமாட்டார். எங்கள் அப்பா ஓர்வில் வியட்நாமில் நிஜமாகவே இருந்தவர். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டு மேஜையில் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டெல்பர்ட்டைத் தட்டைப் பாதம் என்று ராணுவத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பியது அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'மெத்தைக்காரன்' என்றுதான் சொல்வார், அவன் எதிரிலேயே. டெல்பர்ட்டுக்கு உள்ளூர அது எவ்வளவு வலித்தது என்று அவன் தலைமுடியை வெட்டுகிற எனக்குத் தெரியும்.

அப்பாவை நம்ப வைத்தது துப்பாக்கிக் கடை ராய்ஸ். ராய்ஸுக்குத் தெரியாத ஆயுதமும் இல்லை, போகாத போரும் இல்லை. ஊரே பேசும் ஒரு கர்னலைத் தனக்குத் தெரியாமல் போவதா? சான்றிதழைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தான்.

"ரூஃபஸ் ஹாதார்னா! அட, அவருகிட்டதானேய்யா நான் தொழில் கத்துக்கிட்டேன்! சிங்கம் மாதிரி மனுஷன். பேச்சு கம்மி. ஆனா ஒரு பார்வை பாத்தாருன்னா போதும்!"

அதற்குப் பிறகு பல் டாக்டருக்கும் கர்னலைத் தெரிந்திருந்தது. தபால்காரர் அவரோடு வேட்டைக்குப் போயிருந்தார். டெல்பர்ட் கேட்டுக் கேட்டு, தனக்கே கர்னலைப் பற்றிப் புதுப்புது விஷயம் தெரிய வந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னான்.

அந்த ஞாயிறு அப்பா சாப்பாட்டு மேஜையில் தன் நாற்காலியை இழுத்து விட்டு, "உக்காருப்பா டெல்பர்ட்" என்றார். பெயர் சொல்லி! டெல்பர்ட் அதன் நுனியில் உட்கார்ந்தான். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. அப்பா எதிரில், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

பிறகு சொன்னார்: "உன் கர்னலை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வா. பழைய ஆளுங்க நாங்க. கொஞ்சம் பேசணும்."

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே டெல்பர்ட் வந்து நின்றான். எல்லாவற்றையும் சொன்னான். நான் சிரித்த சிரிப்பில் ஹேர் டிரையரைக் கீழே போட்டேன்.

"சிரிக்காதீங்க அண்ணி! மாமா யார்கிட்டயும் பேசாத மனுஷன். முதல் தடவையா பேசணும்கிறாரு. யார்கிட்ட? பிஸ்கட்கிட்ட!"

"உண்மையச் சொல்லிடுடா."

"சொன்னா அந்த நாற்காலி போயிடும். மறுபடியும் மெத்தைக்காரன். ராணுவப் பேர்ல பொய் சொன்னவன மாமா வீட்டுப் படியே ஏத்தமாட்டாரு, தெரியும்ல?"

தெரியும். எங்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், அதை மன்னிக்கமாட்டார்கள்.

அவன் செய்தது என்ன தெரியுமா? கர்னலைக் கொன்றுவிட்டான். மாரடைப்பு, மொன்டானாவில், தூக்கத்திலேயே. பூனைக்குப் பயந்து புலியிடம் போன கதைதான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது எங்கள் சர்ச் பெண்களின் வேதம். அன்று சாயங்காலத்துக்குள் டெல்பர்ட் வீட்டுக்குக் கோழி போட்ட நூடுல்ஸ் தட்டு, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, பீச் பை என்று வரிசையாக வந்து இறங்கின. ஃபிரிட்ஜ் கதவு மூடவில்லை. மிச்சத்தையெல்லாம் செத்துப்போனவரே தின்று தீர்த்தார்.

"இவ்வளவு நல்ல மனுஷன் பாவம்" என்று அழுதபடி பல் டாக்டரின் மனைவி பிஸ்கட்டின் தலையைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தமே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நினைவுக் கூட்டம். அப்பா பரணிலிருந்து தன் பழைய சீருடையை எடுத்து, தானே இஸ்திரி போட்டு, உடுத்திக்கொண்டு வந்தார். அதை நாங்கள் பார்த்ததே இல்லை. இடுப்பில் பொத்தான் மாட்டவில்லை, கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

ராய்ஸ் எழுந்து பேசினான். பாலைவனத்தில் கர்னல் தன்னை முதுகில் சுமந்துகொண்டு ஓடியதைச் சொல்லித் தேம்பினான். "இன்னிக்கு நான் மூச்சு விடுறேன்னா, அது அவரு போட்ட பிச்சை!"

பிறகு அப்பா எழுந்தார். "எனக்கு அவரத் தெரியாது. ஆனா திரும்பி வராத சில பேர எனக்குத் தெரியும்" என்றார். கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"மாமா, வேண்டாம்!" டெல்பர்ட் கத்திக்கொண்டே எழுந்தான். கண்ணாடியைக் கழற்றினான். "அவருக்கு சல்யூட் அடிக்காதீங்க. கர்னல்னு யாரும் இல்ல. எந்த ராணுவ ஆளும் எனக்கு எதையும் கத்துக்கொடுக்கல. எல்லாம் பொய்." ஓடிப்போய் வண்டியிலிருந்து பிஸ்கட்டை இழுத்து வந்தான். "இதுதான் ரூஃபஸ்."

பிஸ்கட் நேராக ராய்ஸிடம் போய், அவன் பூட்ஸை முகர்ந்து பார்த்து, வாலை ஆட்டியது.

அப்பா கையை இறக்கவில்லை. நாயைப் பார்த்தார். டெல்பர்ட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதவிட மோசமான கர்னலுக்கெல்லாம் நான் சல்யூட் அடிச்சிருக்கேன்." அடித்தே விட்டார். இடுப்பைப் பிடித்திருந்த கையையும் விட்டதில் கால்சட்டை நழுவியது. "ஏய் ராய்ஸ், உன்ன முதுகுல தூக்கிட்டு ஓடுன மனுஷன் வந்திருக்காரு. எந்திரிச்சு மரியாதை பண்ணுடா!"

ராய்ஸ் எழுந்து நின்றான்! பல் டாக்டரும், தபால்காரரும். பாஸ்டர் பிரசங்க மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மத்தியானம் சாப்பிடப் போனோம். டெல்பர்ட் வாசலிலேயே நின்றான், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. பிஸ்கட் அவனைத் தாண்டி உள்ளே வந்து, நிலைப்படியில் குறுக்கே படுத்துக்கொண்டது.

"ஏன்டா நிக்கிற?" என்றார் அப்பா.

"எனக்கு அந்த நாற்காலி வேண்டாம் மாமா. எந்த நாற்காலியா இருந்தாலும் சரி."

அப்பா நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு காதை மட்டும் தூக்கித் தெருவைப் பார்த்தது.

"கதவ கர்னல் பாத்துக்குவாரு" என்றார். "நீ வந்து உக்காரு டெல்பர்ட். சாப்பாடு ஆறுது."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை மேஜையின் மறுபக்கம் திருப்பிப் போட்டார். கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, உருளைக்கிழங்கைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.