மூன்றாவது தட்டு

எங்கள் குழந்தைகள் நாடகக் குழுவுக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். ஆரம்ப கால வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்று தங்கை செல்போனில் கட்டளை அனுப்பியிருக்கிறாள். சித்தப்பாவின் மகள், பிறவியிலேயே காது கேட்காது. இன்று குழுவை நடத்துவது அவள்தான். முதல் நாடகத்தில் நீ செய்த உதவியை மறக்காமல் எழுது என்றும் சேர்த்திருக்கிறாள். சிக்கலே அங்கேதான்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு பாதிப் பேர் விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் நாங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவே கேட்பாரற்றுத் திரிந்தோம். அத்தை, அப்பாவின் அக்கா, பள்ளிக்கூட டீச்சர். சும்மா இருக்கத் தெரியாதவள். பூட்டிக் கிடந்த பழைய கிளப் ஹாலுக்கு யாரையோ பிடித்துச் சாவி வாங்கி, பெருக்கித் துடைத்து, நாடகக் குழு என்று அறிவித்துவிட்டாள். சட்டம் ஒன்றே ஒன்று: வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதனால் கண் தெரியாத பையன் கதைசொல்லி ஆனான். நடக்க முடியாத தெலுங்குக்காரப் பெண் ராஜா ஆனாள். ராஜா எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்பது அத்தையின் வாதம். திக்கித் திக்கிப் பேசுகிறவன் மந்திரி. ராஜாவிடம் பேச எந்த மந்திரிக்குத்தான் நாக்கு குழறாது?

தங்கைக்கு விளக்குக்காரி வேஷம். இருண்டுபோன அரண்மனைக்குள் கடைசியில் ஒரு சிறுமி விளக்கோடு வருவாள். வசனம் கிடையாது, ஆனால் ஊரே பார்க்கப்போவது அவளைத்தான். அந்த வேஷம் எனக்கு வேண்டும் என்று இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அத்தை எனக்குக் கொடுத்தது ஒரு மரக்கட்டை.

மேடை பலகையால் ஆனது. தங்கை ஓர் ஓரத்தில் வெறுங்காலோடு நிற்பாள். எதிர் ஓரத்தில் உட்கார்ந்து நான் மூன்று முறை தட்டினால், அதிர்வு அவள் பாதத்தில் ஏறும், உள்ளே வருவாள். மூன்று என்பது சுரங்கத்துக் கணக்கு. ஆட்களைத் தூக்கும் கூண்டை எங்கள் ஊரில் கேஜ் என்போம். அதில் ஆள் ஏறியாயிற்று என்று மேலே இருப்பவர்களுக்குச் சொல்ல, கீழேயிருந்து மூன்று மணி அடிப்பார்கள். சித்தப்பாவுக்கு அந்த மணியடிக்கும் வேலை. ஒருநாள் எல்லாரையும் ஏற்றிவிட்டு, அடுத்த கேஜில் வருகிறேன் என்று நின்றவர், பாறை சரிந்து கீழேயே தங்கிவிட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. தங்கை அப்போது கைக்குழந்தை.

சித்திக்கு நாடகமே பிடிக்கவில்லை.

"வாயில்லாத புள்ளைய மேடை ஏத்தி நாலு பேர் சிரிக்கணுமா, அண்ணி? ஒருத்தர் சிரிச்சாலும் அப்புறம் இவள அனுப்ப மாட்டேன், பாத்துக்குங்க," என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜன்னல்களைச் சாத்தி ஹாலை இருட்டாக்கியிருந்தார்கள். முன்னால் சுரங்கத்துப் பென்ஷன்காரர்கள், அவர்கள் காலடியில் தரையில் சித்தி. கதைசொல்லிப் பையன், "அப்போது ஒரு விளக்கு வந்தது," என்றான். நான் தட்ட வேண்டும்.

தட்டவில்லை. மறந்துவிடவில்லை, தட்டவில்லை. இதை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

அவன் இன்னொரு முறை சொன்னான். விளக்கு வரவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது தட்டல் வந்தது. காதில் விழுந்தது என்பதைவிட, என் உள்ளங்காலில் ஏறியது. ஒன்று. இரண்டு. பிறகு ஓர் இடைவெளி, அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைக்கும் அளவுக்கு. அப்புறம் மூன்று. மேடைக்கு அடியிலிருந்து வந்ததா என்றால், அதற்கும் வெகு கீழேயிருந்து. கட்டை என் மடியில் கிடந்தது. நான் அதைத் தொடக்கூட இல்லை.

தங்கை விளக்கோடு உள்ளே வந்தாள். சிரிப்பு நின்றது. முன்வரிசைத் தாத்தா ஒருவர் பழக்க தோஷத்தில், "ஆளு ஏறியாச்சு," என்று முணுமுணுத்தார். பாதி எழுந்த சித்தி அப்படியே நின்றாள். அவள் பார்த்தது மகளை அல்ல, தரையை.

"இன்னாமா இவ்ளோ லேட்டா தட்டினே? ஆனா ஒருத்தரும் மூச்சு விடல, போ," என்று நாடகம் முடிந்ததும் அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். பின்னாலேயே சித்தி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூணாவதுக்கு முன்னாடி நிறுத்தினியே, யார்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"நானாத்தான், சித்தி."

"உங்க சித்தப்பா அப்படித்தான் அடிப்பாரு. கடைசில எவனாவது ஓடி வந்தா ஏறிக்கட்டும்னு. வீட்டுக் கதவக்கூட அப்படித்தான் தட்டுவாரு."

எனக்குப் பயம்தான். ஆனால் பாராட்டு கிடைத்துக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

மூடிய சுரங்கத்தில் தண்ணீர் ஏற ஏற, பூமி அவ்வப்போது உதறிக்கொள்ளும். அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். எங்கள் ஊரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு நடந்ததும் அதுதான் என்று, என்ஜினீயரிங் படித்தவளாக, யார் கேட்டாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். பூமிக்கு மூன்று வரை எண்ணத் தெரியுமா என்று மட்டும் கேட்காமல் இருக்க வேண்டும்.

சித்தி மகளை நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து அவளே கொண்டுவந்து விட்டாள். ஆனால் நான் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, "அன்னிக்குத் தட்டினியே, அந்த மாதிரி ஒரு தடவ தட்டும்மா," என்பாள். நான் தரையில் தட்டுவேன், இடைவெளி விட்டு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மூன்று முடிந்தாலும் கையை எடுக்க மாட்டாள்.

"சரியா தட்டினேனா, சித்தி?"

"சரியாத்தாம்மா தட்டுற. சத்தம் போடாத."

என் கைவண்ணத்தைத்தான் சோதிக்கிறாள் என்று நினைத்து, அந்த இடைவெளியை வீட்டில் பழகிப் பழகிப் பார்த்தேன். நான் தட்டி முடித்த பிறகுதான் அவள் கேட்கவே ஆரம்பிக்கிறாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.