எதிரணிக்காகக் கத்திய நயினார் அண்ணாச்சி

ஆலங்குளத்தில் மதியச் சாப்பாட்டுக்காக அலுவலகத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் படியில் நின்றபடியே கூப்பிட்டார். "சார், உங்க நயினார் அண்ணாச்சி காலைல போயிட்டாகளாம். நெஞ்சுவலின்னாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்ன முடிஞ்சிருச்சாம்." சாப்பிடப் போகவில்லை. தென்காசி போகும் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அருவிச் சீசன் தொடங்கியிருந்தது. பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. ஜன்னலை மூடத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆறுமுகநயினாரின் மார்பின்மேல் எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் பெயர் எழுதிய ரோஜா மாலை கிடந்தது. வாசலில் போட்டிருந்த ஒரே நாற்காலியில் கழகத்தின் பழைய தலைவர் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நயினாரு நம்ம டீமுக்குத் தூணு மாதிரில்லா. மழையானாலும் ஒரு மேட்ச் விடமாட்டாரு." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நயினாரை மைதானத்துக்குள் விடக் கூடாது என்று வாசலில் ஆள் நிறுத்தியவர் இவர்தான் என்பது தலையாட்டியவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும்.

நயினாரின் மனைவி கோமதி மதினி என்னை அருகே அழைத்தார். "தம்பி, அந்த மாலைய எடுத்திருங்க. அவுகளுக்கு அது ஆகாது" என்றார். எடுத்து வெளியே கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். தலைவர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். துக்க வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று பிறகு பலர் என்னைக் கேட்டார்கள். நயினாரை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறந்துவிட்டதுபோல் நடிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் தென்காசியில் ஒரே அலுவலகத்தில் எழுத்தர்கள். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு. அலுவலகத்தில் அவர் பேசுவது எதிரில் இருப்பவருக்கே கேட்காது, அதிகாரி இரண்டு முறை "என்னது?" என்று கேட்பார். அதே தொண்டை மாலையில் மைதானத்துக்குப் போனால் வேறாகிவிடும். அவர் கத்தினால் கோயிலின் மொட்டைக் கோபுரத்தில் அடைந்திருக்கும் புறாக்கள் எழும்பிப் பறக்கும் என்று கேலி செய்வோம். வாழ்நாளில் ஒரு முறைகூட அவர் பந்தைக் காலால் தொட்டதில்லை. கோட்டைத் தாண்டித் தன்னிடம் உருண்டு வந்த பந்தைக் குனிந்து கையில் எடுத்து, வேட்டியில் சேறு துடைத்து, உள்ளே எறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே அப்போது இரண்டு பேர்தான் இரண்டு கண்கள். ஒருவன் இசக்கிமுத்து, இலஞ்சிக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் தோப்பில் தேங்காய் உரிக்கும் கூலிகள். இடது ஓரத்தில் வெறுங்காலோடு ஆடுவான். மற்றவன் காதர், கோல்கீப்பர், சந்தையில் மூட்டை தூக்குபவரின் மகன். இசக்கி பந்தோடு ஓடும்போது ஓட்டத்தின் நடுவே ஒரு கணம் நிற்பான். எதிராளி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தடுமாறுவான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அத்தனை கூட்டமும் மழையில் நிற்கும். "அவன்கிட்ட பந்து போகுதுன்னு சொல்லாதலே. வீட்டுக்கு வருதுன்னு சொல்லு" என்பார் நயினார். இசக்கிக்குக் காய்ச்சல் என்று தெரிந்த ஒரு நாள், ஆட்டம் தொடங்குமுன்பே பாதிக் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனது.

சீசனில் நடக்கும் ஷீல்டு போட்டிக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அணிகள் வரும். ஒரு வருடம் இறுதியாட்டத்தில் எங்கள் அணியும் மலையாளக்கரை அணி ஒன்றும் மோதின. மைதானம் உழுத வயல்போலக் கிடந்தது. வெகுநேரம் யாரும் கோல் போடவில்லை. முடியப்போகிற நேரத்தில் இசக்கி ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து கோல் அடித்தான். அடுத்த நிமிஷமே அவர்கள் அடித்த பந்தைக் காதர் பாய்ந்து விழுந்து, சேற்றோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டான். அன்று இருவரையும் தோளில் தூக்கிக்கொண்டு ரத வீதியில் போனார்கள். தூக்கியவர்கள் எல்லா வகை மனிதர்களும்தான். தோளுக்கு அன்று எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

மறுநாள் மதியம் ஐந்தருவிச் சாலையில் இருந்த தலைவரின் பங்களாவில் விருந்து. ஆட்டக்காரர்களோடு, நயினார், நான் உட்படக் கத்துகிற கூட்டத்தில் சிலரையும் அழைத்திருந்தார்கள். கூடத்தில் இலை போட்டிருந்தது. மேசைமேல் ஷீல்டு பளபளத்தது. சாதம் விழுந்துவிட்டது. நயினார் கையை இலையில் வைக்காமல் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இசக்கியும் காதரும் எங்க?" என்றார்.

பரிமாறியவர் காதில் விழாததுபோல் நகர்ந்தார். தலைவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவனுகளுக்குப் பின்னால வண்டிக் கொட்டகைல எல போட்டிருக்கு. வேண்டியமட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கேன். நீரு சாப்பிடும்வே."

நயினார் எழுந்துவிட்டார். "நேத்து அவன் கோலடிச்சது வண்டிக் கொட்டகைலயா?" என்றார். அது அலுவலகக் குரல் இல்லை, மைதானத்துக் குரல். பங்களா முழுக்கக் கேட்டது. "ஷீல்டு மேசைல இருக்கு. கொண்டாந்து குடுத்தவன் மாட்டோட இருக்கான். நல்லா இருக்குவே உம்ம விருந்து!"

"சாப்பாட்டு நேரத்துல என்ன பேச்சு இது? ஊர்ல உள்ள வழக்கம்தானய்யா" என்றார் தலைவர்.

"ஊர் வழக்கத்த வெச்சு ஷீல்டு செயிக்க முடிஞ்சிச்சா? செயிச்சிருக்க வேண்டியதுதானே!"

அவரோடு நானும் இன்னும் இருவரும் எழுந்தோம். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். கொட்டகையில் இரண்டு இலைகள். சோற்றில் ஆவி போய்க்கொண்டிருந்தது. கை வைத்த தடயமே இல்லை. இருவரும் போய்விட்டிருந்தார்கள். மழையில் இலஞ்சிக்குச் சாலை பிரியும் விலக்குவரை தேடி நடந்தோம். அகப்படவில்லை.

அதன்பிறகு அவர்கள் பயிற்சிக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் செய்தி வந்தது: மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லில் இருவருக்கும் வேலை, இனி மில் அணிக்குத்தான் ஆடுவார்கள். ஊர் இழவு விழுந்த வீடுபோல் ஆயிற்று. மிகைப்படுத்தவில்லை. காபிக் கடையில் வளர்ந்த ஆண்பிள்ளைகள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கொஞ்ச நாளில் அழுகை வசவாயிற்று. "தூக்கி வெச்சுக் கொண்டாடினோம், நன்றி கெட்ட பயலுக" என்றார்கள். சலூனில் மாட்டியிருந்த அணியின் படத்தில் இரண்டு முகங்களின்மேல் காகிதம் ஒட்டினார்கள். நான் இன்றும் கேட்கிறேன்: அந்த ஊர் எதற்காக அழுதது? இழந்த கோல்களுக்காக. யாரும் தொடாமல் ஆறிப்போன அந்தச் சோற்றுக்காக ஒருவரும் அழவில்லை. ஆட்டக்காரனின் காலை மட்டும் நேசித்தார்கள். அவனுக்கு வயிறும் மானமும் இருக்கும் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

நயினாருக்கும் நெஞ்சு உடைந்ததுதான். தினமும் மாலையில் மைதானத்துக்குப் போய் இடது ஓரத்தில் நிற்பார். "இந்த மூல காலியாக் கெடக்குலே, பாக்க முடியல" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு இலஞ்சிக்கு இசக்கியின் வீட்டுக்குப் போனார். எப்படியாவது திரும்பி வரச் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை. இசக்கி அங்கே இல்லை. அவனுடைய அம்மா தேங்காய் மட்டைகளின் நடுவே நின்றபடி எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டார்.

"அய்யா, நீங்க கையத் தட்டுதீகன்னுதான் எம்மவன் ஓடுனான். ராத்திரி முழங்கால் வீங்கிக் கெடப்பான். எண்ண போட்டு நீவி விடுவேன். 'எம்மா, இன்னைக்கு எவ்ளோ பேரு எம்பேரச் சொன்னாக தெரியுமா'ம்பான். அவ்ளோ பேருல ஒருத்தருக்கும் அவனப் பக்கத்துல ஒக்காரவெச்சு ஒரு வாய் சோறு போட மனசு வரலியே. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வான்னு கூப்பிடுதீக?"

நயினார் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி நடந்தோம். தென்காசி எல்லை வந்ததும், "அவ கேட்டதுல ஒரு எழுத்து தப்பில்ல" என்றார். அந்த வாரமே கழகத்தின் கூட்டத்துக்குப் போய், தலைவர் இலஞ்சிக்கு வந்து அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். சிரித்தார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சிரிப்பு நின்றது. இனி மைதானத்தில் காலை வைக்கக் கூடாது என்று சொல்லி வெளியே தள்ளினார்கள். எந்த அணிக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டாரோ அந்த அணியின் ஆட்கள்தான் தள்ளினார்கள்.

அடுத்த சீசனில் மில் அணி ஷீல்டு போட்டிக்கு வந்தது. எங்கள் அணியோடுதான் முதல் ஆட்டம். இசக்கியையும் காதரையும் வேற்று ஜெர்சியில் பார்த்ததும் கூட்டம் கயிறுவரை நெருக்கிக்கொண்டு வந்தது. பிறகு ஊளை தொடங்கியது. பந்து இசக்கியிடம் போகும்போதெல்லாம் சேற்றை அள்ளி எறிந்தார்கள். வாயால் சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொன்னார்கள். போன வருடம் அவனைத் தூக்கிய தோள்காரர்கள்தான். அந்த இரைச்சலுக்கு நடுவே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: "ஏலே இசக்கி! வீட்டுக்கு வருதுலே, வாங்கிக்கோ!"

நயினார்தான். மில்காரர்களோடு சேர்ந்து அவர்கள் வாசல் வழியாக உள்ளே வந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ஒரே ஒருவர், எதிரணியின் கோட்டோரம் நின்று கத்தினார். இசக்கி கோல் போட்டான். போட்டுவிட்டு யாரையும் பார்க்கவில்லை, கையைத் தூக்கவில்லை. நயினார் துள்ளினார். அவ்வளவுதான், கூட்டம் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்தது. அவர் கண்ணாடி உடைந்தது, சட்டை கிழிந்தது, உதடு பிளந்தது. நான் போய்ச் சேருமுன் காதர் கோலை விட்டு ஓடிவந்து அவர்மேல் குப்புற விழுந்து அடிகளைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டான்.

ஆட்டம் தடைப்பட்டு மறுபடி நடந்தது. அந்த ஒரு கோலில் எங்கள் அணி தோற்றது. நான் நயினாரைச் சிற்றாற்றுக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டேன். அப்போதுதான் அவர் அழுதார், குழந்தைபோல. வலிக்கிறதா என்று கேட்டேன். "நம்ம டீமு தோத்துப்போச்சேலே" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாமே புரிந்தது. அவரைத் துரோகி என்றவர்களே, கேளுங்கள். உங்களில் எவனும் அந்தத் தோல்விக்கு அவர் அழுததுபோல் அழவில்லை. நீங்கள் அவரை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டீர்கள்.

அதன்பின் அவர் மைதானத்துக்குப் போகவே இல்லை. தடையெல்லாம் சில வருடங்களில் மறந்துபோயிற்று, அழைப்புகூட வந்தது. கழகத்தின் செயலாளர் அலுவலகத்துக்கே வந்து, "பழச மறந்திருங்க அண்ணாச்சி, இன்னும் எத்தன நாளைக்குக் கோவம்?" என்றார். நயினார் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "மறக்க வேண்டியது நானில்ல. நெனைக்க வேண்டியது நீங்க. நீங்க நெனைக்க ஆரம்பிச்ச அன்னைக்கு நான் மறக்கேன்." சொன்ன குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. செயலாளருக்குக் கேட்டது. மறுபடி அவர் வரவில்லை.

நயினாரின் சாவுக்கு இசக்கியும் காதரும் மறுநாள்தான், மலை தாண்டி வரும் ரயிலில் வந்து சேர்ந்தார்கள். தாமதமாகத்தான் தகவல் போயிருந்தது, எல்லாம் முடிந்துவிட்டது. இசக்கிக்கு முழங்கால் போய்விட்டது, விந்தி நடக்கிறான். ஆற்றங்கரையில் சாம்பல் கிடந்த இடத்தில் மூவரும் நின்றோம். "சார், அந்த ஆட்டத்துல எல்லாரும் ஏசுனது எனக்கு ஞாபகம் இல்ல. அண்ணாச்சி சத்தம் மட்டுந்தான் இருக்கு" என்றான். காதர் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கழகம் நடத்தும் இரங்கல் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். போகப்போவதில்லை. நான் அங்கே பேசக்கூடியது இதுதான். இதைப் பேச விடமாட்டார்கள்.

நயினாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு பழக்கம்தான். எந்த வீட்டுப் பந்தியிலும் கை வைக்குமுன் யார் இல்லை என்று பார்க்கிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அப்படிப் பார்த்தேன். இரவெல்லாம் மழையில் நனைந்து பந்தல் போட்டவர்கள் அங்கே இல்லை. எங்கே என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. "மிச்சம் இருந்தா அவுகளுக்குப் பொறவாசல்ல குடுப்போம். நீரு அந்த நயினாரோட சேந்து கெட்டுப்போயிட்டீருவே" என்றார்.

"ஆமா, கெட்டுத்தான் போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.